வாசலில் போட்ட பதிவு

சிரிப்புக்குச் சிரிப்பும் சிந்தனைக்குச் சிந்தனையுமாக இந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கிற நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி எங்கள் அணிக்குக் கால்கோள் நாட்டிவிட்டுப் போன தம்பி அவர்களே! நான் என்ன பேசப் போகிறேன் என்று தெரியாமலேயே இப்போதிருந்தே 'இல்லை, இல்லை' என்று தலையாட்டிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே! பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

செல்போனில் பதிவு போடுவது திறமையா, வெட்டிவேலையா என்பது தலைப்பு. திறமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியிலே பேசிய சகோதரி என்ன சொன்னார்கள்? "இலையிலே சோறு வைத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறான். போட்டோ எடுக்கிறான். நாலு பக்கம் சுற்றி எடுக்கிறான். அதற்குள்ளே ரசம் ஆறிப்போகிறது" என்றார்கள். உண்மைதான். நம்ம வீடுகளிலே சாமிக்குப் படைக்கும்போதுகூட அவ்வளவு நேரம் இலையைக் காட்டுவதில்லை. (சிரிப்பு) சாமி ஒரு நிமிஷத்திலே சாப்பிட்டுவிடும். இவனுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது நடுவர் அவர்களே. 2023-ஆம் வருஷத்து மார்கழி மாதம் வரைக்கும் நானும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வகுப்பிலே பையன் செல்போனை எடுத்தால், "கையிலே என்னடா, கர்ணனுடைய கவச குண்டலமா, கழற்றவே மாட்டாயா?" என்று கேட்டவன் நான். அப்படிப்பட்டவன் இந்தப் பக்கம் எப்படி வந்தேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் ஊர்க்கதை இரண்டு, சுருக்கமாக.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அடுத்த தடவை போனால் கொஞ்சம் கீழேயும் பாருங்கள். சுவரெல்லாம் எழுத்து. நான் கொடுத்தது, என் அக்காள் கொடுத்தது, என் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் ஆணை போட்டிருக்கிறான். கோயிலிலே ஆடுவதற்கு என்று சோழநாட்டு ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய பெண்கள் 400 பேர். அவர்கள் பேரையும் எந்தத் தெருவிலே எத்தனையாவது வீடு என்பதையும் வெட்டி வைத்திருக்கிறான். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் ஒரு போட்டோ போட்டுவிட்டு, கூட நின்றவன் பேரையெல்லாம் சேர்க்கிறார்களே, 'டேக்' பண்ணுகிறேன் என்கிறார்களே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரே சுவரிலே 400 பேரை டேக் பண்ணியவன் ராஜராஜன். (கைதட்டல்) அதை யாராவது வெட்டிவேலை என்று சொல்வீர்களா? வெட்டிய வேலை என்று வேண்டுமானால் சொல்லலாம். (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது கதை, நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம். விவசாயக் குடும்பம். பேரப்பிள்ளைகளும் தாத்தா பெரியதம்பியும் சேர்ந்து, 2018-இலே, வயல்வெளியில் அடுப்புக் கூட்டிச் சமைப்பதைப் படம்பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் என்று பேர். 2021-இலே அதற்கு ஒரு கோடிச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். தமிழ்ச் சேனல்களிலே அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அதே வருஷம் முதலமைச்சருடைய கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்களிடம் என்ன வித்தை இருந்தது? முன்னுரை இல்லை. அம்மியிலே அரைக்கிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு பொருளையும் போடும்போது அதன் பேரை ஓங்கிச் சொல்வார்கள். அவ்வளவுதான். தமிழே தெரியாத ஒருவன் பார்த்தாலும் அவனுக்கு அது புளி என்று தெரிந்துவிடும். நான் 28 வருஷமாக வகுப்பிலே நடத்துகிறேன், முன்னால் உட்கார்ந்திருக்கிற தமிழனுக்கே பாதி விளங்குவதில்லை. (சிரிப்பு)

சரி, என் வீட்டுக்கு வருகிறேன்.

என் மனைவி கோலம் போடுவார். எல்லார் வீட்டிலும்தான் போடுகிறார்கள், இதென்ன பெரிய சங்கதி என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1996. அன்றையிலிருந்து மார்கழி வந்தால் விடிகாலையில் அவர் எழுந்துவிடுவார். வாசல் தெளித்து, புள்ளி வைத்து, கோலம் போட்டு, சாண உருண்டையிலே பூசணிப்பூவைச் செருகி வைப்பார். நான் எட்டரை மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்புவேன். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று மட்டும் தெரியும். ஓரமாக ஒரு தாண்டு. அதோடு சரி. 27 வருஷம் தாண்டியிருக்கிறேன் நடுவர் அவர்களே! அனுமார்கூட இத்தனை தடவை தாண்டியதில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

2023-இலே பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள் ஒரு நாள் போனில், "அம்மா, நீ போடுற கோலத்தை வீடியோ எடுத்துப் போடேன். எனக்கு வாசலைப் பார்க்கணும்போல இருக்கு" என்றாள். பிள்ளைக்கு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. என் மனைவிக்கு அவ்வளவு போதும். மறுநாளே எடுப்பது என்று முடிவாயிற்று.

போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்டு வேண்டுமே? கடையிலே வாங்கலாம் என்றேன். "எதுக்குங்க வீண் செலவு?" என்று வீட்டுக்குள்ளே போனார். தடிமனாக, கெட்டி அட்டை போட்டு, நிமிர்ந்து நிற்கிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வந்தார். என்னவென்று பார்த்தால், என்னுடைய முனைவர் பட்ட ஆய்வேடு! (பலத்த சிரிப்பு) 412 பக்கம். 2001-இலே ஒப்படைத்தது. அதிலே போனைச் சாய்த்து வைத்தார். கச்சிதமாக நின்றது. அந்த ஆய்வேடு ஒரு மனிதருக்கு முழுசாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். (சிரிப்பு, கைதட்டல்)

நான் சும்மா இருப்பேனா? மேடைப் பேச்சாளன் வீட்டிலே ஒரு பதிவு தயாராகிறது, நான் பேசாமல் இருந்தால் அது முறையா? "நீ கோலம் போடு, நான் அறிமுகம் செய்கிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். மார்கழியின் மாண்பு, மங்கையர் மரபு, புள்ளியின் தத்துவம், கோட்டின் கோட்பாடு... நாலு நிமிஷம் பேசினேன். அப்புறம்தான் கோலம் வந்தது.

பார்த்தவர்கள் 12 பேர். அதிலே 9 பேர் சொந்தக்காரர்கள். ராத்திரி மகள் போன் பண்ணினாள். "அப்பா, அம்மா கை எப்ப வரும், எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், நீங்கதான் வந்துக்கிட்டே இருக்கீங்க" என்றாள். (சிரிப்பு) "மூணு விநாடிதாம்பா. அதுக்குள்ளே பிடிச்சாப் பார்ப்பாங்க, இல்லைன்னா விரலாலே தள்ளிட்டுப் போயிருவாங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூணு விநாடியிலே நான் 'பெருமதிப்பிற்குரிய' என்ற சொல்லைக்கூட முடிக்க மாட்டேனே!

இந்த யூடியூப் என்பதிலே முதன்முதலாகப் போடப்பட்ட படம் எது தெரியுமா? 2005 ஏப்ரல் 23. அதைத் தொடங்கியவர்களிலே ஒருவர், ஜாவித் கரீம் என்பவர், அமெரிக்காவிலே சான்டியாகோ விலங்குக் காட்சிசாலையிலே யானைக்கு முன்னால் நின்றுகொண்டு, யானைக்குத் தும்பிக்கை நீளம் என்கிற செய்தியைச் சொல்கிறார். 19 விநாடி. முடிந்தது. அதை என்னிடம் கொடுத்திருந்தால் கஜேந்திர மோட்சத்திலே தொடங்கி, ஆனைமலை வரைக்கும் வந்து, 'இத்துடன் முதல் பாகம் நிறைவுற்றது' என்றிருப்பேன். (சிரிப்பு)

அதற்கப்புறம் என் மகள் போனிலேயே பாடம் நடத்தினாள். நான் மாணவன். என் மனைவி முதல் வரிசை மாணவி. எல்லாவற்றையும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குக் காலையிலேயே செய்து பார்க்கலாம்.

படம் எடுப்பதற்கு முன்னால் போனுடைய கண்ணாடியைத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு எடுத்திருப்போம், மங்கலாக வரும். சேலை முந்தானையே போதும். இருட்டிலே எடுக்கக் கூடாது. நாலரை மணிக்கே கோலம் போட்டுவிடுகிற என் மனைவி, படத்துக்காக விடியும்வரைக்கும் காத்திருந்து போட ஆரம்பித்தார். உச்சி வெயிலும் ஆகாது, கோலமாவு வெள்ளை, கண் கூசி எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். அப்புறம் ஒரு அருமையான சூட்சுமம். சிமெண்டுத் தரையிலே தண்ணீர் தெளித்து அது ஈரமாக, கறுப்பாக இருக்கும்போதே போட்டால் வெள்ளைக் கோடு படத்திலே பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்துப் பாட்டிமார் சாணம் கரைத்துத் தெளித்தார்களே, அதிலே இந்தக் கணக்கும் இருந்திருக்கிறது! கேமராவே இல்லாத காலத்தில் கேமராவுக்கு ஏற்பாடு செய்தவர்கள் நம்ம பாட்டிமார். (கைதட்டல்)

முகத்தைக் காட்டிக்கொண்டு பேச வேண்டாம். கையைக் காட்டு என்றாள் மகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலே மாவு நூல் மாதிரி இறங்குகிறது பாருங்கள், அதை முதலிலேயே காட்டிவிட வேண்டும். முழுக்கோலமும் தெரிய வேண்டுமானால் மேலேயிருந்து எடுக்க வேண்டும். ஆய்வேடு அவ்வளவு உயரம் வராது. ஆகையினால் நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலே இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, இருபது நிமிஷம் போனை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பனியிலே காதைச் சுற்றித் துண்டு. பக்கத்து வீட்டுக்காரர் என்னை அண்ணாந்து பார்த்து, "என்ன சார், தவமா?" என்றார். "இல்லைங்க, முனைவர் பட்டம் வாங்கின முக்காலி" என்றேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்த இருபது நிமிஷத்தை வேகப்படுத்தி ஒரு நிமிஷமாக்கினாள் மகள். கீழே இரண்டு வரி எழுத வேண்டும், அதற்கு மேலே யாரும் படிப்பதில்லை என்றாள். இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு அடிக்குள்ளே, ஏழு சீருக்குள்ளே சொல்லி முடித்த வள்ளுவரைத்தானே இத்தனை வருஷமும் பாடம் நடத்துகிறோம். நடத்துகிறோமே தவிர நாம் பேசும்போது ஏழு பக்கம்! என் மனைவி எழுதியது ஒரே வரி: "ஏழு புள்ளி, நாலு வரைக்கும் ஊடுபுள்ளி." வேலை முடிந்தது. தெரிந்தவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள், அதுதான் முக்கியம். கேள்வி கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஆளைப் பார்த்து, பேரைச் சொல்லி எழுத வேண்டும். போட்டுவிட்டு ஓடிப்போவது பதிவு இல்லை, சுவரொட்டி.

நடுவர் அவர்களே, மாடியிலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சிக்குக் கோலம் போடுகிறார். ஒரு இடத்திலே தொடங்கிய கோடு வளைந்து வளைந்து எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேருகிறது. எங்கேயும் தடுமாற்றம் இல்லை, அழிப்பது இல்லை. எந்தப் புள்ளிக்கு அடுத்து எந்தப் புள்ளி என்பது தலைக்குள்ளே இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, 1974-இலேயே கோலத்தைக் கணிப்பொறி இயலுடைய இலக்கணத்தோடு பொருத்தி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணிப்பொறிக்காரர்கள் உட்கார்ந்து ஆராய்ந்த சங்கதி என் வீட்டு வாசலிலே தினமும் நடந்திருக்கிறது. நான் ஓரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொன்று பாருங்கள். இன்ஸ்டாகிராமிலே 'ஸ்டோரி' என்று 2016-இலே கொண்டுவந்தார்கள். வாட்ஸ்அப்பிலே 'ஸ்டேட்டஸ்' என்று 2017-இலே கொண்டுவந்தார்கள். போட்டால் 24 மணி நேரம் இருக்கும், அப்புறம் தானாக மறைந்துபோகும். ஆகா, புதுமை என்றார்கள். அட, நம்ம வாசல் கோலம் என்ன? காலையிலே போடுகிறாள். தெருவிலே போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். பால்காரர் பார்க்கிறார், எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இன்னைக்கு நல்லாருக்கே" என்கிறார், அதுதான் லைக்கு. (சிரிப்பு) எறும்பு தின்னுகிறது, சைக்கிள் ஏறுகிறது, மறுநாள் காலையிலே இல்லை. புதுசு போடுகிறாள். உலகத்திலே முதல் ஸ்டேட்டஸ் போட்டவள் தமிழச்சி நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அதைச் சிரித்துக்கொண்டே தாண்ட எனக்கு மனசு வரவில்லை. "திருவண்ணாமலை மாவட்டத்திலே நடந்ததை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மறக்கவில்லை. 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பிலே ஒரு பொய் பரவிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம், வழி கேட்க வண்டியை நிறுத்தியது. காரிலே இருந்த வயதான அம்மா, அங்கே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுதான் அவர் செய்த குற்றம். அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தக் கொடுமையும் செல்போனிலே படமாகப் பரவியது. நம்ம பாட்டி எத்தனை பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருப்பார்! அன்றையிலிருந்து ஒரு குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதற்கு நம்ம கை கூசுகிறதே, அந்தக் கூச்சத்தை யார் எடுப்பது? அந்த வருஷம் ஜூலையிலே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேலே தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவிலே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த வருஷம் உலகம் முழுவதும் கொண்டுவந்தது.

தலைவர் அவர்களே, அங்கே உங்கள் கட்சி பலமானது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பொய்யை அனுப்பியவர்களிலே அதைத் தன் கையாலே செய்தவன் எத்தனை பேர்? தன் கண்ணாலே பார்த்தவன் எத்தனை பேர்? எவனோ செய்த சோற்றை, ருசிகூடப் பார்க்காமல் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டான். பதிவு போடுவது வேறு, தள்ளிவிடுவது வேறு. கோலம் போடுகிறவளுக்கு இடுப்பு வலிக்கும். தள்ளிவிடுகிறவனுக்குக் கட்டைவிரல்கூட வலிக்காது. (கைதட்டல்) அந்தத் தள்ளுகிற வேலையை வெட்டிவேலை என்று நீங்கள் சொன்னால் போதாது. அதைவிடக் கடுமையான பேர் வையுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் அடி விழுந்தது. பொங்கல் முடிந்து, பார்க்கிறவர்கள் 340 பேர் ஆகியிருந்த சமயம். யாரோ ஒருவன், முகம் இல்லை, பேர் இல்லை, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா பாட்டி?" என்று எழுதிவிட்டான். என் மனைவிக்கு அப்போது 51. மறுநாள் கோலம் போட்டார், போனை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்? பட்டிமன்றக்காரன் இல்லையா? அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம். மேற்கோளோடு. (சிரிப்பு) மகள் சொன்னாள், "அப்பா, அவன் அஞ்சு விநாடியில எழுதிட்டுப் போயிட்டான். நீங்க அஞ்சு மணி நேரம் அவனுக்குக் கொடுக்கிறீங்க. அழிச்சிட்டு, அவன் வர முடியாதபடி கதவைச் சாத்துங்க." சாத்தினோம். ஆனாலும் பதினோரு நாள் படம் எடுக்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அடுக்குமாடி வீடு, வாசலே கிடையாதாம். "அக்கா, ஏன் பத்து நாளா போடலை? உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். எங்க அம்மா பொங்கலுக்கு ஒரு கோலம் போடுவாங்க. நடுவில தாமரை மாதிரி இருக்கும். சுத்தி எட்டுக் கண்ணு மாதிரி வளைவு வரும். கையை எடுக்காமப் போடுவாங்க. பதினஞ்சு புள்ளின்னு ஞாபகம். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. அப்ப ஒரு போட்டோ எடுக்கத் தோணலை. உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

போட்டோ எடுக்கத் தோணலை என்கிறார் நடுவர் அவர்களே. வெட்டிவேலை என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

என் மனைவி அன்றைக்கு ராத்திரி பரண் மேலேயிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே கோல நோட்டுகள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு மார்கழியும் வாசலிலே போட்ட கோலத்தை, தேதி போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார். 27 மார்கழி. அந்தப் பெட்டியின்மேல் என் பொன்னாடைகளை அடுக்கி வைத்திருந்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து அவர் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்து பார்த்தார். முதலில் அனுப்பியது இல்லை என்று வந்துவிட்டது. இரண்டாவது, "கிட்ட வந்துருச்சு அக்கா, ஆனா வளைவு உள்பக்கமா இருக்கும்" என்று வந்தது. மூன்றாவதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "இதேதான்." கொஞ்ச நேரம் கழித்து ஒரு படம் வந்தது. வீட்டுக்குள்ளே ஒரு பலகை, அதிலே சுண்ணக்கட்டியால் அதே கோலம், கோணல்மாணலாக.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்டும்போது ஒரு இடத்திலே தேதி மட்டும் இருக்கிறது, பக்கம் காலி. அடுத்த பக்கமும் காலி. வரிசையாகக் காலி. தேதியைப் பார்த்தேன், 2009 டிசம்பர். எங்க அப்பா காலமான மார்கழி. துக்க வீட்டிலே கோலம் கிடையாது. சரி என்று திருப்பினேன். 2012 ஜனவரியிலே ஒரே ஒரு பக்கம் காலி. முன்னால் கோலம் இருக்கிறது, பின்னால் கோலம் இருக்கிறது, நடுவிலே ஒரு நாள் மட்டும் இல்லை.

"இது என்ன நாள்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு நல்ல காய்ச்சல்ங்க. எந்திரிக்க முடியலை. நீங்க ஊர்ல இல்லை, கோயம்புத்தூருக்குப் பொங்கல் பட்டிமன்றம் பேசப் போயிருந்தீங்க."

என் டைரியை எடுத்துப் பார்த்தேன். போயிருக்கிறேன். தலைப்பும் எழுதி வைத்திருக்கிறேன். 'மனைவியின் அருமை கணவனுக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா?' நான் பேசிய அணி, தெரிகிறது. (சிரிப்பு) சிரிக்காதீர்கள். தீர்ப்பும் எங்கள் பக்கம்தான். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். தெரிகிறது. இதோ முடித்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையிலே இந்த மன்றத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். கோலம் போட்டிருந்தார். நின்றேன். குனிந்து பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வருகிறது, "என்னங்க, வண்டி நிக்குது, அங்க என்ன பண்றீங்க?"

"புள்ளி எண்ணுறேன்" என்றேன்.

"எத்தனை?"

"ஒன்பது."

"ஊடுபுள்ளியை விட்டுட்டீங்க" என்றார். (சிரிப்பு)

மறுபடியும் முதலிலிருந்து எண்ணிவிட்டு வந்ததனால்தான் நடுவர் அவர்களே, மேடைக்குக் கால்மணி நேரம் தாமதம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

(நீண்ட கைதட்டல்)